நியூரல் நெட்வொர்க்கால் கடலின் நீண்ட காலப் போக்கைக் கணிக்க முடியுமா?

கேள்வி: கடல், காற்று போன்றவை பல மாதம் கழித்து எப்படி இருக்கும் என்று நியூரல் நெட்வொர்க் (தரவிலிருந்து தானே கற்கும் கணினி நிரல்) சொல்லுமா?

எந்தத் தேதியில் என்ன நடக்கும் என்று சொல்லாது. பருவம் எப்படிப்பட்டது என்பதை ஓரளவு சொல்லும். பாம்பன் பக்கத்து ஆள் என்பதால் எங்கள் கடலை வைத்தே சொல்கிறேன்.

2023-இல் வந்த கூகுள் டீப்மைண்டின் கிராஃப்காஸ்ட் என்ற வானிலை நெட்வொர்க், 6 மணி நேரத்துக்குப் பிறகான வானிலையைக் கணித்து, அந்த விடையையே திரும்ப உள்ளே கொடுத்து, 10 நாள் வரை போகிறது. ஒவ்வொரு அடியிலும் சிறு பிழை சேரும். அந்தப் பிழை பெருகுவதற்கு நெட்வொர்க்கை மட்டும் குறை சொல்ல முடியாது. 1961-இல் அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ், கணினியில் ஓட்டிய தன் வானிலை மாடலுக்கு 0.506127 என்ற எண்ணை 0.506 என்று சுருக்கிக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் கணினி காட்டிய வானிலையே வேறாகிப் போனது. காற்றின் இயல்பே அது.

எனக்குப் பெரிய கவலை வேறு. சராசரிப் பிழையைக் குறைக்கவே பழக்கப்பட்ட நெட்வொர்க், நாள் போகப்போக எல்லாவற்றையும் மழுங்கலாகக் காட்டும். உச்சக் காற்று குறைந்து தெரியும். படகு எடுப்பவருக்கு அந்த உச்சம்தானே உயிர்ப் பிரச்சினை! அப்புறம், கிராஃப்காஸ்ட் படித்த தரவு 1979-இல்தான் தொடங்குகிறது. தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் புயல் அதில் இல்லை. மற்ற கடல்களின் புயல்களிலிருந்து அது கற்கும், உண்மைதான். ஆனால் அது பூமியைப் பிரித்துப் பார்க்கும் கட்டம் ஒவ்வொன்றும் சுமார் 28 கி.மீ.; பாம்பன் பாலமோ 2 கி.மீ. சொச்சம். எங்கள் கால்வாய் அதன் கண்ணிலேயே படாது.

சரி, நீண்ட காலத்துக்கு எதை நம்பலாம்? கச்சான் (தென்மேற்குப் பருவக் காற்று) வீசும் மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், வாடையில் (வடகிழக்குப் பருவக் காற்றில்) வடகடலான பாக் நீரிணை. தேதி மாறினாலும் இந்த மாற்று முறை மாறாது. ஒரு மாடலைப் பல ஆண்டு ஓட்டிப் பார்த்தால் இது தானாக வருகிறதா, ஆற்றல் கூடிக்கொண்டோ வற்றிக்கொண்டோ போகாமல் நிற்கிறதா என்றுதான் சோதிக்க வேண்டும். அதற்காகவே ஆற்றல் மாறாத் தன்மையை அமைப்பிலேயே கட்டிய ஹாமில்டோனியன் நெட்வொர்க்குகள் 2019-இல் வந்தன. 2024-இல் வந்த கூகுளின் நியூரல்ஜிசிஎம் என்ற வானிலை மாடல், இயற்பியல் சமன்பாடுகளையும் நெட்வொர்க்கையும் சேர்த்தே ஓட்டுகிறது. எனக்கு நம்பிக்கை தரும் வழி இதுதான்.

நாளைக்குக் கடலுக்குப் போக, கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் மத்திய அரசு நிறுவனமான இன்காய்ஸின் அறிவிப்பைப் பாருங்கள். இரண்டு மாதம் கழித்து இன்ன தேதியில் இத்தனை அடி அலை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நீங்களே சோதிக்க விரும்பினால், காற்றோட்டத்தை எளிமையாக்கி லோரன்ஸ் எழுதிய மூன்று சமன்பாடுகளில் ஒரு சிறு நெட்வொர்க்கைப் பழக்கி, நீண்ட நேரம் ஓடவிட்டு, அவற்றின் விடை வரையும், பட்டாம்பூச்சி போன்ற இரண்டு சிறகு வடிவம் கலையாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.