ரிப்போர்ட் நார்மல்... மாத்திரை இன்னும் வேண்டுமா?

கொலஸ்ட்ரால் மாத்திரை பற்றி வந்திருக்கும் கடிதங்களில் பாதிக்கு மேல் கேட்பது ஒன்றைத்தான்: இதை நிறுத்தலாமா? சிலர் நிறுத்திவிட்டே எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: அட்டோர்வாஸ்டாடின் 20 மி.கி. மூன்று மாதம் சாப்பிட்டேன். எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 162-லிருந்து 94-க்கு இறங்கிவிட்டது. ரிப்போர்ட்டில் நார்மல் என்று வந்ததும் நிறுத்திவிட்டேன். வீட்டில் திட்டுகிறார்கள். நான் செய்தது தவறா? (வாசகர், ஈரோடு)

பதில்: அந்த 94, மாத்திரை வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தபோது வந்த 94. கல்லீரல் கொலஸ்ட்ராலைத் தயாரிக்கப் பயன்படுத்தும் ஒரு நொதியை அட்டோர்வாஸ்டாடின் போன்ற ஸ்டாடின் வகை மருந்துகள் தடுக்கின்றன. கையிருப்பு குறைந்ததும் கல்லீரல் ரத்தத்திலிருக்கும் எல்.டி.எல்.லைப் பிடித்து இழுத்துக்கொள்கிறது. மாத்திரை நின்றால் தயாரிப்பு மறுபடி தொடங்கிவிடும். சில வாரங்களிலேயே பழைய 160-ஐ ஒட்டி வந்து நிற்கும்.

லேப் அச்சடித்துத் தரும் ‘நார்மல்’ எல்லோருக்கும் ஒரே அளவு. மாரடைப்பு வந்தவருக்கு எல்.டி.எல். 55-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள். சர்க்கரையோடு ரத்த அழுத்தமும் இருப்பவருக்குப் பெரும்பாலும் 70-க்குக் கீழே. உங்களுக்கு இந்த இரண்டும் இல்லை, புகைப்பழக்கமும் இல்லை, குடும்பத்தில் இளவயது மாரடைப்பும் இல்லை என்றால், மாத்திரையால் கிடைக்கும் பலன் சிறியதாகவே இருக்கலாம். “எனக்கு இதனால் எவ்வளவு லாபம் டாக்டர்?” என்று நேராகக் கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்விதான் அது.

நிறுத்தியதை மட்டும் மறைக்காதீர்கள். அடுத்த ரிப்போர்ட்டில் 158 என்று பார்க்கும் மருத்துவர், 20 போதவில்லை என்று நினைத்து 40 எழுதிவிடுவார். டோஸை இரட்டிப்பாக்கினால் எல்.டி.எல். கூடுதலாக 6 சதவீதம்தான் இறங்கும். சாப்பிடாத மருந்துக்கு டோஸ் ஏறிக்கொண்டே போகும்.

கேள்வி: என் கணவருக்கு 58 வயது. ரோசுவாஸ்டாடின் 20 மி.கி. தொடங்கி ஒரு மாதத்தில் கால் வலி. பக்கத்து வீட்டுக்காரர் “அது தசையைத் தின்னும் மாத்திரை” என்றார். அன்றோடு நிறுத்திவிட்டார். (வாசகி, மதுரை)

பதில்: எங்கே வலிக்கிறது என்று அவரையே கை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கை முழங்கால் மூட்டில், அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும் போய் நின்றால் மூட்டுத் தேய்மானத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஸ்டாடின் வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும்; தொடை, இடுப்பு, தோள் என்று பெரிய தசைகளில் வரும்; மருந்து தொடங்கிய அல்லது டோஸ் ஏற்றிய சில வாரங்களில் வரும்.

லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வு ஒன்று 2020-இல் வெளியானது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாடினை விட்ட 60 பேருக்கு ஆளுக்கு 12 பாட்டில்கள், மாதம் ஒன்று. நான்கில் அட்டோர்வாஸ்டாடின் 20 மி.கி., நான்கில் அதே தோற்றத்தில் மருந்தில்லாத வெற்று மாத்திரை, நான்கு காலி. தினமும் உடல் தொந்தரவுக்கு நூற்றுக்கு மதிப்பெண் போட வேண்டும். காலி பாட்டில் மாதங்களில் சராசரி 8, வெற்று மாத்திரைக்கு 15.4, ஸ்டாடினுக்கு 16.3. தொந்தரவு நிஜம், ஆனால் அதில் பெரும்பங்கு மாத்திரை சாப்பிடுகிறோம் என்ற எதிர்பார்ப்பிலிருந்தே வந்தது. தங்கள் சொந்த மதிப்பெண்களைப் பார்த்த பிறகு 30 பேர் மீண்டும் ஸ்டாடின் தொடங்கினார்கள்.

அதற்காக அவரிடம் “எல்லாம் மனப்பிரமை” என்று சொல்லிவிடாதீர்கள். மருத்துவரிடம் சி.கே. (தசை பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), தைராய்டு, வைட்டமின் டி, கிரியாட்டினின் பரிசோதனைகளைக் கேளுங்கள். கவனிக்காமல் விட்ட தைராய்டு குறைவு கொலஸ்ட்ராலையும் ஏற்றும், தசைவலியையும் தரும். சி.கே. மிக அதிகமாக இல்லை என்றால், மருத்துவர் சொல்லும்படி 2 முதல் 4 வாரம் நிறுத்தி, காலண்டரில் தினமும் வலிக்கு மதிப்பெண் குறித்து வையுங்கள். வலி போனால் ரோசுவா 5 மி.கி., அல்லது வேறு ஸ்டாடின். ரோசுவாவும் அட்டோர்வாவும் உடம்பில் நீண்ட நேரம் தங்குவதால் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தும் பார்ப்பார்கள். அதுவும் ஒத்துவராவிட்டால் ஸ்டாடின் அல்லாத எசெட்டிமைப் 10 மி.கி.; தனியாகவே எல்.டி.எல்.லை ஏறக்குறைய 20 சதவீதம் குறைக்கும். பெம்பிடோயிக் அமிலமும் இருக்கிறது. அது கல்லீரலில்தான் செயல்படத் தொடங்குகிறது, தசையில் அல்ல. யூரிக் அமிலம் கூடியவர்கள் அதில் கவனமாக இருக்க வேண்டும்.

சிறுநீர் கறுப்புக் காபி நிறத்தில் போகிறது, எழுந்து நிற்க முடியாத தளர்ச்சி என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அபூர்வம்தான். அட்டோர்வா, சிம்வாஸ்டாடின் சாப்பிடுபவர்கள் சளிக்குக் கிளாரித்ரோமைசின் எழுதப்பட்டால் ஸ்டாடின் சாப்பிடுவதைச் சொல்லியாக வேண்டும். அந்த ஆன்டிபயாடிக் ரத்தத்தில் ஸ்டாடின் அளவை ஏற்றிவிடும்.

கேள்வி: ஸ்டென்ட் வைத்து ஐந்து மாதம் ஆகிறது. தினம் ஒரு கேப்சூல். வயிறு எரிவதால் நான்கு நாளாகச் சாப்பிடவில்லை. கொலஸ்ட்ரால் மாத்திரைதானே, பரவாயில்லையா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: இதைப் படித்ததும் உங்கள் இதய மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். பிறகு அட்டையின் பின்புறத்தைப் பாருங்கள். உங்கள் கேப்சூல் பெரும்பாலும் மூன்று மருந்து சேர்ந்ததாக இருக்கும்: ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரல் 75, அட்டோர்வாஸ்டாடின் 10 அல்லது 20. எரிச்சலைக் கிளப்புவது பெரும்பாலும் ஆஸ்பிரின். பழி விழுவது கொலஸ்ட்ரால் மருந்தின் மேல். கேப்சூலை நிறுத்தினால் ஸ்டென்டில் ரத்தம் உறையாமல் காக்கும் இரண்டு மருந்துகளும் சேர்ந்தே நின்றுபோகும். ஐந்தாவது மாதத்தில் அது ஆபத்து.

எரிச்சலுக்குக் காலை உணவுக்கு முன் பான்டோப்ரசோல் எழுதுவார்கள். குளோபிடோக்ரல் சாப்பிடுபவர்கள் கடையில் கேட்டு ஓமிப்ரசோல் வாங்கிப் போட வேண்டாம், அது குளோபிடோக்ரலின் வேலையைக் குறைக்கும். கேப்சூலில் அட்டோர்வாஸ்டாடின் 10 மி.கி.தான் இருக்கிறதென்றால் அதையும் கேளுங்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு வழக்கமாகத் தருவது 40 முதல் 80. தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தரும் 14 மாத்திரைகளில் 8 அட்டோர்வாஸ்டாடின் 10 மி.கி., சேர்த்து 80. கொலஸ்ட்ரால் ரிப்போர்ட் வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. ரத்தக்குழாயில் படிந்த கொழுப்புக்கட்டி மறுபடி வெடிக்காமல் இறுகச் செய்வதும் இந்த மருந்தின் வேலை.

கேள்வி: இந்த மாத்திரையால் சர்க்கரை வருமாமே? (வாசகி, சேலம்)

பதில்: சற்றுக் கூடும், உண்மை. 255 பேர் நான்கு வருடம் சாப்பிட்டால் ஒருவருக்குக் கூடுதலாகச் சர்க்கரை நோய் வருகிறது. பெரும்பாலும் அந்த எல்லைக்கோட்டில் ஏற்கெனவே நின்றவர்களுக்கு. எச்.பி.ஏ.1சி (மூன்று மாதச் சர்க்கரை சராசரி) பார்த்துவிட்டுத் தொடங்குங்கள், வருடம் ஒருமுறை மறுபடி பாருங்கள்.

கேள்வி: முட்டை, மட்டன் எல்லாம் விட்டுவிட்டேன். அம்மாவுக்கும் எனக்கும் எல்.டி.எல். 200-க்கு மேல். மாத்திரை இல்லாமல் சமாளிக்க முடியாதா? 31 வயது, அடுத்த வருடம் குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். (வாசகி, கோவை)

பதில்: உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரலே செய்கிறது. கட்டுப்பாடான சாப்பாட்டால் 10, 15 சதவீதம் இறங்கலாம். 200 என்பது 170 ஆகும். அம்மாவுக்கும் இருப்பதால் இது பரம்பரைக் கொலஸ்ட்ராலாக இருக்க வாய்ப்பு அதிகம், உடன்பிறந்தவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும். சிவப்பு ஈஸ்ட் அரிசி கேப்சூலை ‘இயற்கை’ என்று விற்பார்கள். அதில் இருப்பதும் லோவாஸ்டாடின்தான், அளவு தெரியாத லோவாஸ்டாடின்.

உங்கள் விஷயத்தில் நேரம் முக்கியம். கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் ஸ்டாடினைப் பொதுவாக நிறுத்திவைப்பார்கள். குழந்தைத் திட்டத்தை இப்போதே மருத்துவரிடம் சொல்லி, எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்று தேதி போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ராத்திரி போட மறந்துவிடுகிறேன். காலையில் இரண்டாகப் போடலாமா? (வாசகர், விழுப்புரம்)

பதில்: இரண்டு வேண்டாம், விட்டது விட்டதுதான். அட்டோர்வாவும் ரோசுவாவும் எந்த நேரத்திலும் சாப்பிடலாம். பல் தேய்க்கும் பிரஷ் பக்கத்தில் அட்டையை வைத்துக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சிம்வாஸ்டாடின் என்றால் மட்டும் ராத்திரிதான்.