நார்வேப் பிரபுவும் ஐஸ்லாந்துக் கையெழுத்தும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1662-இல் ஐஸ்லாந்தின் கோபவோகூரில், டென்மார்க் மன்னருக்காகச் சிப்பாய்களைக் காட்டி மிரட்டி ஐஸ்லாந்துக்காரர்களிடம் விசுவாசக் கையெழுத்து வாங்கிய ஹென்ரிக் பியெல்கே நார்வேயில் பிறந்தவராம். டென்மார்க்கின் கீழ்க் கிடந்த ஒரு நாட்டின் மகன், அதே நிலையில் இருந்த இன்னொரு நாட்டை இப்படி நடத்த எப்படி மனம் வந்தது? துரோகிதானே?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

இன்று நாம் ‘நாடு’ என்று சொல்வதற்கு இருக்கும் உணர்ச்சி அந்தக் காலத்துப் பிரபுவுக்குக் கிடையாது. அவருக்கு இருந்தவை இரண்டு: குடும்பம், மன்னர். பியெல்கேயின் அப்பா யென்ஸ் நார்வேயின் சான்சலர், அதாவது உயர் நீதி அதிகாரி. அண்ணன் ஓவே அதே பதவிக்கு வந்தார், தம்பி யோர்கன் படைத்தளபதி. ஹென்ரிக்கின் உத்தியோகம் கடலில். நார்வேயை யாராவது ஆண்டார்கள் என்றால் அது இந்த வீட்டுக்காரர்கள்தான்.

கடற்படை அதிகாரியாக அவர் பெரிய சூரர் என்று நான் சொல்ல மாட்டேன். 1657 செப்டம்பரில் டென்மார்க்கின் மூன் தீவுக்கருகே ஸ்வீடன் கப்பல்களோடு மோதினார். பீரங்கிகள் முழங்கியதுதான் மிச்சம், யாருக்கும் வெற்றியில்லை. அந்தக் குளிர்காலத்தில் கடலே உறைந்துபோக, ஸ்வீடன் மன்னர் பத்தாம் கார்ல் குஸ்தாவ் தன் படையைப் பனிக்கட்டி மேலேயே நடத்திக்கொண்டு வந்துவிட்டார். அதற்கு எந்த அட்மிரலால் என்ன செய்ய முடியும்? 1658 பிப்ரவரியில் டென்மார்க்கின் ரோஸ்கில்ட நகரில் போட்ட உடன்படிக்கையில் நார்வேயின் ட்ரொண்ட்ஹைம் மாகாணம் ஸ்வீடனுக்குப் போனது. பியெல்கே குடும்பத்தின் ஒஸ்ட்ரோட் மாளிகை அந்த மாகாணத்தில்தான் இருந்தது. விவிலியக் கதையில் வரும் புத்தியுள்ள கன்னியர் ஐவரையும் புத்தியில்லாத ஐவரையும் மரச்சிற்பமாக்கி முற்றத்தில் நிறுத்தி, ஓவே பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. அந்த ஆண்டு டிசம்பரிலேயே யோர்கன் படை திரட்டிப் போய் ட்ரொண்ட்ஹைமை மீட்டார்.

உங்கள் கேள்விக்கு விடை இருக்கும் இடம், என் பார்வையில், ஐஸ்லாந்து அல்ல. 1660 அக்டோபர் கோபன்ஹேகன். போரில் நொடித்துப்போன நாட்டில் டென்மார்க்-நார்வே மன்னர் மூன்றாம் ஃப்ரெடரிக், பாதிரிமாரையும் நகரத்தாரையும் தன் பக்கம் சேர்த்துக்கொண்டு, தன்னைப் பரம்பரை மன்னராக ஏற்கச் சொன்னார். அதுவரை மன்னரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பிரபுக்கள் கையில் இருந்தது. அவர்கள் முரண்டு பிடித்தபோது நகரக் கோட்டைக் கதவுகளை அடைத்துக் காவலைக் கூட்டினார். பிரபுக்கள் பணிந்தார்கள். பியெல்கே பிறந்த வர்க்கத்தின் கதை இது.

ஆகவே 1662-இல், ஐஸ்லாந்துக்கு மன்னரின் ஆளுநராக இருந்த அவர் அங்கே கொண்டுபோனது, தன் வர்க்கம் ஏற்கெனவே குடித்து முடித்திருந்த அதே கஷாயம்தான். அவருடைய கப்பல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. ஐஸ்லாந்தின் சட்டமன்றமான ஆல்திங் சபை கூடிக் கலைந்துவிட்டிருந்தது. அதனால் ஜூலை 28 அன்று கோபவோகூருக்கு எல்லோரையும் வரவழைத்தார். பரம்பரை மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் என்று சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, அங்கே போனதும் வரம்பற்ற அதிகாரத்தை ஒப்புக்கொள்ளும் பத்திரத்தையும் நீட்டினார்கள். எனக்கு உறுத்துவது இந்தத் தந்திரம்தான், துப்பாக்கி அல்ல.

பிஷப் ப்ரின்யோல்ஃபர் ஸ்வேன்சன் தயங்கியபோது பியெல்கே சிப்பாய்களைச் சுட்டிக்காட்டினார், நியாயாதிபதி அர்னி ஒட்சன் கண்ணீரோடு கையெழுத்திட்டார் என்ற கதை பல பத்தாண்டு கழித்துத்தான் எழுத்தில் வந்தது. வரலாற்றாசிரியர்களில் பலர் அதை அப்படியே நம்புவதில்லை. அன்றிரவு விருந்து நடந்தது, பீரங்கி வெடித்தது, வாணவேடிக்கையும் உண்டு.

பிறகு பியெல்கே டென்மார்க்-நார்வேயின் ரிக்ஸ் அட்மிரல், அதாவது கடற்படைத் தலைவர், ஆனார். (இதே பதவியில் அவருக்கு முன்பு இருந்தவர் ஓவே ஜெட்டே. ஆமாம், 1620-இல் நம் தரங்கம்பாடியை டேனிஷ்காரர்களுக்கு வாங்கிக் கொடுத்த அதே ஆள்.) கடற்படை நிர்வாகம் பியெல்கேயிடம் இருந்தது, சண்டைக்கு கார்ட் அடெலர், நீல்ஸ் யூல் போன்றவர்கள் வந்துவிட்டார்கள். அடெலரும் நார்வேக்காரர்தான், ஆனால் பிரபுவாகப் பிறந்தவர் அல்ல. கப்பலில் ஏறி வேலை கற்று மேலே வந்தவர்.

ஐஸ்லாந்தை பியெல்கே கடைசிவரை பழைய பாணியிலேயே வைத்திருந்தார்: தான் டென்மார்க்கில், ஐஸ்லாந்தில் ஆளுநர் மாளிகை இருந்த பெசஸ்தாதிரில் தன் ஆள். பழைய சட்டங்களும் ஆல்திங்கும் தொடர்ந்தன. 1683 மார்ச்சில் அவர் இறந்த பிறகுதான், கோபவோகூரில் கையெழுத்தான ஆட்சிக்கேற்ற புது அதிகாரிகளை மன்னர் அங்கே அனுப்ப ஆரம்பித்தார்.