கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்

வாசகர் கேள்வி – பதில்
இந்த இதழில்: பழைய நாளிதழ்கள்
பதில் தருபவர், மாவட்ட மைய நூலகத்தில் நாளிதழ்ப் பிரிவைக் கவனித்து ஓய்வு பெற்ற நூலகர்.

கேள்வி: அப்பா 1962 முதல் 1977 வரை வாங்கிய தினசரிகளைத் தகரப் பெட்டிகளில் கட்டி வைத்திருந்தார். இப்போது வீடு மாறுகிறோம், இடமில்லை. தலைவர்கள் பற்றிய முக்கியச் செய்திகளை மட்டும் வெட்டி ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டு, மீதியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடலாமா? (வாசகி, மதுரை)

பதில்: வேண்டாம் அம்மா. கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். நேரு மறைந்த செய்தியும் அண்ணா மறைந்த செய்தியும் எங்கே தேடினாலும் கிடைக்கும். அவற்றை வெட்டும்போது பின்பக்கத்தில் என்ன போகிறது என்று ஒருமுறை திருப்பிப் பாருங்கள். எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர்களின் எண்கள் பொடி எழுத்தில் வரிசையாக இருக்கும். மண்டி விலை இருக்கும். 1968க்குப் பிறகென்றால் அரசுப் பரிசுச் சீட்டு முடிவுகள் இருக்கும். ‘எங்கிருந்தாலும் உடனே வரவும், அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார், யாரும் கோபிக்க மாட்டோம்’ என்று ஒரு ‘காணவில்லை’ விளம்பரம் இருக்கும். அந்தப் பையன் எதற்காக ஓடினான், திரும்பி வந்தானா என்று யாரும் புத்தகம் எழுதப் போவதில்லை. அவனைப் பற்றி அச்சில் மிஞ்சியிருப்பது அந்த நாலு வரிதான்.

இடம் உண்மையாகவே இல்லையென்றால், நூறு துணுக்குகளுக்குப் பதிலாக ஏதாவது ஒரு மாதத்தை முழுசாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை நூலகங்களிடம் கேட்டுப் பாருங்கள். எடைக்குப் போடுவது கடைசி வழியாக இருக்கட்டும்.

கேள்வி: முதல் பக்கத்தில் அரசியல், உள்பக்கத்தில் மக்கள் வாழ்க்கை. இரண்டுக்கும் உள்ள தொடர்பைப் பழைய தாள்களில் பார்க்க முடியுமா? ஓர் உதாரணம் சொல்லுங்கள். (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்த செய்தியைச் சொல்கிறேன். என் அப்பா நகைப் பத்தர். 1962 அக்டோபரில் சீனப் போர் தொடங்கியது. அதையடுத்த தாள்களில் பெண்கள் வளையலையும் சங்கிலியையும் கழற்றித் தேசியப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்த செய்திகளைப் பார்க்கலாம். 1963 ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது. தங்க மோகத்தையும் கடத்தலையும் குறைத்து, அந்நியச் செலாவணியைக் காப்பது நோக்கம்.

டெல்லியில் இருந்தவர்களுக்கு அது பொருளாதார நடவடிக்கை. பட்டறையில் நடந்தது வேறு. 22 காரட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 92 பங்கு தங்கம். 14 காரட்டில் 58 பங்குதான், மீதி செம்பு, வெள்ளி போன்ற கலப்பு. அது 22 காரட்டைப் போலக் கைக்கு இணங்காது, அந்த நிறமும் வராது. 14 காரட்டில் தாலி செய்ய எந்தப் பெண்ணைப் பெற்றவர் சம்மதிப்பார்? வேலை நின்றது. அப்பா ஊதுகுழலை எடுக்கவே இல்லை. அம்மா பித்தளை அண்டாவை விற்று அரிசி வாங்கினாள். எனக்கு அப்போது பத்து வயது.

பிற்பாடு நூலகத்தில் 1963ஆம் ஆண்டின் பைண்டு வால்யூம்களைப் புரட்டியபோதுதான் இது எங்கள் வீட்டுக் கஷ்டம் மட்டுமல்ல என்பது முழுதாகப் புரிந்தது. பல மாநிலங்களில் பத்தர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். அடுத்து ஆகஸ்டுக்கு வாருங்கள். காமராஜ் திட்டம்: மூத்த காங்கிரஸ் தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்றது. அப்படிப் பதவி விலகிய மத்திய அமைச்சர்களில் மொரார்ஜியும் ஒருவர். நிதித்துறை டி.டி. கிருஷ்ணமாச்சாரியிடம் வந்தது. செப்டம்பரில் விதி தளர்ந்தது: வாடிக்கையாளர் தரும் பழைய நகையை அதே தரத்தில் புதிதாகச் செய்து தரலாம். காமராஜ் திட்டம் பத்தர்களை நினைத்துப் போட்டதல்ல. ஆனாலும் கட்சி வரலாற்றில் ஓர் அத்தியாயமாகப் படிக்கிற அந்தத் திட்டம், எங்கள் வீட்டில் மறுபடி உலை வைத்த காலத்தோடு சேர்ந்தே எனக்கு நினைவுக்கு வரும். 14 காரட்டுக்கு மேல் கூடாது என்ற தடை 1966இல் நீங்கியது. தங்கக் கட்டுப்பாடு மட்டும் 1968 சட்டத்தின் வழியே தொடர்ந்து, 1990இல்தான் ஒழிந்தது. அதற்குள் தொழிலை விட்டுப் போன குடும்பங்கள் திரும்பி வரவில்லை. என் அண்ணன் மில் வேலைக்குப் போய்விட்டான்.

மொரார்ஜி ராஜினாமாவை ஒருவர் வெட்டி ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டால், அதையும் பத்தர் வீட்டு உலையையும் இணைத்துப் பார்க்கவே முடியாது.

கேள்வி: 1960களின் தாள்களில் விலைவாசியைப் பார்த்தால் ஏக்கமாக இருக்கிறது. எவ்வளவு மலிவான காலம்! (ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், கோவை)

பதில்: விலையை மட்டும் படிக்காதீர்கள் ஐயா, அதே தாளின் ‘ஆட்கள் தேவை’ பகுதியையும் படியுங்கள். குமாஸ்தாவுக்கு மாதம் என்ன சம்பளம் என்று அங்கே இருக்கும். அந்தச் சம்பளத்தில் எத்தனை கிலோ அரிசி வாங்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏக்கம் குறைந்துவிடும்.

அதுவும் 1965, 66இல் காசு இருந்தாலும் அரிசி கிடைக்காது. மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமை கப்பலில் வந்தது. வாரத்தில் ஒரு வேளை உணவை விடுங்கள் என்று பிரதமர் சாஸ்திரியே கேட்டுக்கொண்டார். 1966 ஜூனில் ரூபாய் மதிப்பையும் குறைத்தார்கள்: டாலருக்கு 4.76 ரூபாய் என்பது 7.50 ஆயிற்று. ‘பக்தவத்சலம் அண்ணாச்சி, அரிசி விலை என்னாச்சு?’ என்று அன்றைய முதலமைச்சரைக் கேட்டுத் தெருவில் முழங்கியது சும்மா எதுகைக்காக அல்ல, பசித்துத்தான். 1967 தேர்தலில் தி.மு.க. ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்றது. அந்தத் தேர்தலில்தான் விருதுநகரில் காமராஜர் 1285 வாக்குகளில் தோற்றார். மே மாதம் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி தொடங்கியது. உங்கள் ஊர்தான், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதற்குள் கிலோ சட்டப்படி வந்துவிட்டது. ஆனால் மேடையில் படிதான் பேசிற்று. பெண்கள் அரிசி அளந்தது படியில்தானே.

1957க்கு முந்திய தாள் கையில் கிடைத்தால் கணக்கு மாறும்: ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை (தம்பிடி). அந்த ஆண்டு ஏப்ரல் முதல் தேதிதான் நூறு நயா பைசா வந்தது.

கேள்வி: நெருக்கடி நிலைக் காலத்துத் தாள்கள் என்னிடம் உள்ளன. அரசு சொன்னதைத் தவிர ஒன்றுமே இல்லை. இவற்றை வைத்துக்கொள்வதில் பயன் உண்டா? (வாசகர், சென்னை)

பதில்: இவற்றைத்தான் முதலில் பத்திரப்படுத்த வேண்டும். 1975 ஜூன் 25 இரவு அறிவிப்பு வந்தது, உடனே தணிக்கையும் வந்தது. 28ஆம் தேதி இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்க இடத்தை வெறுமையாக விட்டு வெளிவந்தது. இருபது அம்சத் திட்டச் செய்திகள் பெருகிப் பெருகி வருவதையும், கைதானவர்கள் பெயர்கள் இல்லாமல் போவதையும் நாள்வரிசையில் பாருங்கள். இல்லாததைக் கண்டுபிடிக்க முழு வரிசை வேண்டும். தனித் தாளில் அது தெரியாது.

தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி இருந்தவரை கெடுபிடி சற்றுக் குறைவு. 1976 ஜனவரி 31 அன்று ஆட்சி கலைந்தது, கைதுகள் தொடங்கின. யார் யார் உள்ளே என்று அச்சிட முடியாது. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். அன்று முரசொலியில், அண்ணா சதுக்கத்துக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று ஒரு பெயர்ப் பட்டியல் வந்தது. அந்தப் பெயர்களைப் பார்த்தே தொண்டர்கள் தெரிந்துகொண்டார்கள். வீட்டுக்காரர் எங்கே போனார் என்று தெரியாமல் காத்திருந்த குடும்பங்களும் அந்தப் பட்டியலில்தான் தேடியிருப்பார்கள். இப்படி ஒரு தாளையா எடைக்குப் போடுவது?

கேள்வி: தனுஷ்கோடிப் புயல் பற்றி 1964 டிசம்பர் 23ஆம் தேதித் தாளில் தேடினேன், கிடைக்கவில்லை. பக்கம் கிழிந்துவிட்டதா? (ஆய்வு மாணவி, ராமநாதபுரம்)

பதில்: கிழிந்திருக்காது. புயல் 22 நள்ளிரவையொட்டி அடித்தது. வெளியூருக்கான பதிப்பு முன்னதாகவே அச்சாகி ரயிலேறிவிடும். பாம்பன் பாலம் சிதைந்து, தந்தித் தொடர்பும் அறுந்ததால் விவரங்கள் துண்டு துண்டாகத்தான் வந்து சேர்ந்தன. 24 முதல் ஒரு வாரம் முழுக்கப் படியுங்கள். ஆய்வில் குறிப்பிடும்போது எந்த ஊர்ப் பதிப்பு என்று எழுத மறக்காதீர்கள். தேதி ஒன்றாக இருந்தாலும் ஊர் மாறினால் செய்தி மாறும்.

கேள்வி: யாழ்ப்பாணத்துப் பழைய தாள்களை எங்கே பார்க்கலாம்? (வாசகர், டொரோண்டோ)

பதில்: 1981இல் யாழ் பொது நூலகம் எரிந்தபோது ஈழநாடு நாளிதழின் அலுவலகமும் எரிந்தது. மிஞ்சியவற்றையும் தனியார் சேகரிப்புகளையும் ‘நூலகம்’ என்ற பெயருள்ள இணைய நூலகம் படமெடுத்து வைத்திருக்கிறது. உங்கள் உறவினர் வீடுகளில் ஒரு தாள் இருந்தாலும் அவர்களுக்குத் தெரிவியுங்கள். தமிழ்நாட்டுத் தாள்களுக்குச் சென்னையில் கன்னிமாரா, தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்.

கேள்வி: பழைய தாள்களை லேமினேட் செய்யலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. செல்லோ டேப்பும் வேண்டாம், அதன் பசை கறையாகும். செய்தித்தாள் மலிவான மரக்கூழில் ஆனது, அதிலுள்ள லிக்னின் வெளிச்சம் பட்டால் மஞ்சளாகும். மடிப்பை விரித்து, அமிலமற்ற அட்டைகளுக்கு நடுவே படுக்கை வசமாக, வெயிலும் ஈரமும் படாமல் வையுங்கள். ராமபாணப் பூச்சி வராமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துத் தூசி தட்டுங்கள். அதற்கு முன், ஒவ்வொரு பக்கத்தையும் விளிம்போடு சேர்த்து, தேதி தெரியும்படி செல்போனில் படமெடுத்துவிடுங்கள். விளம்பரப் பக்கங்களையும் சேர்த்து.