அப்டேட் போட்டதும் போன் லோகோவிலேயே நிக்குது, உள்ள இருக்கற போட்டோ போகாம சரி பண்ண முடியுமா?

கேள்வி கேட்டவரும் நம்ம நீலகிரி குந்தா பக்கம் தானாம். ராத்திரி சாஃப்ட்வேர் அப்டேட்ட அமுக்கிட்டு சார்ஜ்ல போட்டுட்டு படுத்திருக்கார், காலைல பாத்தா கம்பெனி லோகோ வருது, அணையுது, மறுபடி வருது, இதே வேலையா இருக்கு. கடைல காட்டினா "சாஃப்ட்வேர் போடணும், உள்ள இருக்கறது எல்லாம் அழிஞ்சிரும்"னு சொல்லிருக்காங்க. கொழந்தை பொறந்ததுல இருந்து எடுத்த போட்டோ பூரா அதுல தான், பேக்கப் கிடையாது.

நான் மஞ்சூர்ல சின்னதா ஒரு மொபைல் கடை வச்சிருக்கேன், அதுக்கு முன்னாடி கோயமுத்தூர் காந்திபுரத்துல ஒரு சர்வீஸ் கவுண்டர்ல உக்காந்திருந்தவன், அதனால இந்த லோகோ கேஸ் எல்லாம் தினப்படி சோறு மாதிரி. மொதல்ல மனசுல தைரியம் வைங்க. லோகோ வருதுன்னா போர்டு உயிரோட இருக்கு, டிஸ்பிளே இருக்கு, போன ஸ்டார்ட் பண்ற மொத புரோகிராமும் (பூட்லோடர்னு பேரு) ஓடுது, அதுக்கப்பறம் ஆண்ட்ராய்டு லோடாகற எடத்துல தான் எங்கயோ சிக்குது. மெமரிய தனித்தனி அறையா பிரிச்சு வச்சிருப்பாங்க, அது தான் பார்ட்டிஷன், உங்க போட்டோ இருக்கறது வேற பார்ட்டிஷன், சிஸ்டம் இருக்கறது வேற பார்ட்டிஷன், அப்டேட் மாத்தறது சிஸ்டத்த. அந்தக் கடைல சொன்ன "எல்லாம் அழிஞ்சிரும்" இருக்கு பாருங்க, அது அப்டேட் பண்ணி வச்ச காரியம் இல்லைங்க, இனிமே அவங்க பண்ணப் போற காரியம். அதனால ரீசெட்டுங்கற வார்த்தைக்கு கடைசி வரைக்கும் தலையாட்டாதீங்க.

இன்னொண்ணு, "டவுன்லோட் ஆகும்போது நெட் கட் ஆச்சு அதான் கெட்டுப்போச்சு"ன்னு ஊர்ல பாதிப் பேர் சொல்வாங்க. நம்ம ஊர் சிக்னலுக்கு அப்படி நெனைக்கறது சகஜம் தான், ஆனா அரைகுறையா எறங்கின ஃபைல போன் இன்ஸ்டால் பண்ணவே பண்ணாது, கம்பெனியோட டிஜிட்டல் கையெழுத்து முழுசா பொருந்தினா தான் உள்ளயே விடும். அதுவும் போக 2016ல ஆண்ட்ராய்டு 7 வந்தப்பவே ஏ பி ஸ்லாட்டுன்னு ஒரு ஏற்பாடு வந்துருச்சு. அது இருக்கற போன்ல சிஸ்டம் ரெண்டு செட்டா இருக்கும், நீங்க ஒண்ணுல வேலை பாத்துட்டு இருக்கறப்பவே புதுசு இன்னொண்ணுல ஏறும், ரீஸ்டார்ட் பண்ணி அது சரியா எந்திரிக்கலன்னா சில தடவை முயற்சி பண்ணிட்டு பழைய செட்டுக்கே தானா திரும்பிரும். அதனால பேட்டரி உப்பியிருக்கலன்னா சார்ஜர்ல போட்டு ஒரு அரைமணி நேரம் அது பாட்டுக்கு லோகோ வந்து போய்ட்டு இருக்கட்டும்னு விடறதும் ஒரு வைத்தியம் தான், பதட்டத்துல பட்டன மாத்தி மாத்தி அமுத்தறத விட அது எவ்வளவோ மேல். சாம்சங் இதுக்கு ரொம்ப வருஷம் வராம இருந்தாங்க, 2024ல கேலக்ஸி ஏ55ல தான் ஆரம்பிச்சாங்க, அதுக்கு முந்தின சாம்சங்னா இந்த வசதிய எதிர்பாக்காதீங்க.

அப்ப ஏன் நிக்குது? நான் பாத்த வரைக்கும் அப்டேட் ஃபைலே கோளாறுங்கறது கம்மி. ஸ்டோரேஜ் கழுத்து வரைக்கும் ரொம்பியிருக்கும், காலை வணக்கம் படமும் குரூப் வீடியோவுமா, சிஸ்டம் எந்திரிச்சு நாலு ஃபைல் எழுதக்கூட எடம் இருக்காது. இல்லன்னா வால்யூம் பட்டன் பவுச்சுல மாட்டி அமுங்கியே கெடக்கும், அப்ப போன் ஆன் ஆகறப்ப எல்லாம் ரிக்கவரிக்கோ ஃபாஸ்ட்பூட்டுக்கோ (ஆண்ட்ராய்டு ஓடாம ரிப்பேருக்குன்னு வர்ற ஸ்கிரீன்) தான் போகும், பவுச்ச கழட்டினா சரியாயிரும், இதுக்குப் போய் காசு வாங்க எனக்கே ஒரு மாதிரி இருக்கும். மூணாவது தான் நம்ம ஊர் வியாதி, பேட்டரி.

கிண்ணக்கொரைல இருந்து ஒரு அக்கா போன வருஷ ஜனவரி உறைபனில வந்தாங்க. "தம்பி, என்னமோ புதுசு போடச் சொல்லி கேட்டுக்கிட்டே இருந்துச்சு, சரின்னு அமுக்கினேன், அதோட போச்சு. தேயிலை எடை போட்ட சீட்டு பூரா போட்டோ எடுத்து இதுல தான் வச்சிருக்கேன், மாசக் கடைசில ஃபேக்டரி ஏஜென்ட் கிட்ட கணக்கு பேச அது வேணும்". போன் லோகோ காட்டும், கொஞ்சம் சுத்தும், பட்டுனு அணையும். பவுச்ச உருவினேன், உள்ள மடிச்சு வச்ச நூறு ரூபா நோட்டு ஒண்ணு, அதுக்குப் பின்னாடி பேக் கவர் ஒரு ஓரமா நகம் போற அளவுக்கு தூக்கிக்கிட்டு நிக்குது. பேட்டரி உப்பியிருக்கு. ராத்திரி எங்கக்கா வைப்பீங்கன்னேன், "ஜன்னல் திண்டுல தான், அங்க தானே டவர் வருது"ன்னாங்க. வெளிய புல்லு வெள்ளையா கெடக்கற குளிருல கண்ணாடியோரமா ராத்திரி பூரா போன்.

லித்தியம் பேட்டரி குளிருல மந்தமாயிரும், உள்ள ரெசிஸ்டன்ஸ் ஏறிரும், போன் ஸ்டார்ட் ஆகற நேரத்துல புராசஸர் ஒரேயடியா கரண்ட இழுக்கும், அந்த இழுப்புல வோல்டேஜ் விழுந்து போன் அணைஞ்சிரும். புது பேட்டரின்னா தாங்கும், வயசானது தாங்காது. தெனம் ஸ்டாண்ட்பைல கெடந்தவரைக்கும் தெரியல, அப்டேட் முடிஞ்சு ரீஸ்டார்ட் ஆனப்ப தான் குட்டு வெளிப்பட்டுச்சு. வேற பேட்டரி போட்டேன், அது பாட்டுக்கு எந்திரிச்சு "ஆப்ஸ் தயாராகுது"ன்னு காட்டி அப்டேட்டயும் முடிச்சிருச்சு, எடைச் சீட்டு ஒண்ணு கொறையல. இதே போன நேரா சாஃப்ட்வேர் போட உக்காந்திருந்தா சீட்டும் போயிருக்கும், லோகோவும் அப்படியே தான் நின்னிருக்கும்.

அதனால நீங்களும் மொதல்ல போன திருப்பிப் பாருங்க. கவரோ டிஸ்பிளேவோ தூக்கியிருந்தா சார்ஜ் போடாதீங்க, அமுத்திப் பாக்காதீங்க, நேரா பேட்டரி மாத்தற எடத்துக்கு எடுத்துட்டுப் போங்க. உப்பல்லன்னா பவுச்ச கழட்டிட்டு, சிம்ம உருவி வேற போன்ல போட்டுக்கோங்க (பேங்க் ஓடிபி எல்லாம் அதுல தானே வரும்), போன வெதுவெதுப்பான ரூம்ல கொஞ்ச நேரம் வச்சிருந்துட்டு ஒரிஜினல் சார்ஜர்ல ஒரு மணி நேரம் போடுங்க. அடுப்படில வைக்கறது, ஹீட்டர் முன்னாடி காட்டறது எல்லாம் வேண்டாம், குளிருல இருந்து திடீர்னு சூடு பட்டா உள்ள தண்ணி கோத்துக்கும்.

சார்ஜ் ஏறினதும் ஃபோர்ஸ் ரீஸ்டார்ட். சாம்சங்ல பவரும் வால்யூம் டவுனும் சேத்து ஒரு பத்து பதினஞ்சு செகண்ட், மத்ததுல பெரும்பாலும் பவர மட்டும் அரை நிமிஷம் புடிச்சா போதும். அதுக்கும் மசியலன்னா ரிக்கவரி. பொதுவா பவரும் வால்யூம் அப்பும், சிலதுல வால்யூம் டவுன், மாடலப் பொறுத்து மாறும். சாம்சங்ல ஒரு விவகாரம் இருக்கு, ஆண்ட்ராய்டு 11ல இருந்து கேபிள் போட்டு கம்ப்யூட்டர்ல சொருகியிருந்தா தான் ரிக்கவரிக்குள்ளயே விடும், இது தெரியாம பட்டன் போச்சுன்னு பட்டன் மாத்தினவங்க எல்லாம் உண்டு.

ரிக்கவரி மெனு வந்ததும் கைய கொஞ்சம் அடக்கி வைங்க. மொதல்ல ரீபூட் சிஸ்டம் நவ், அது எதயும் அழிக்காது. அப்பறம் வைப் கேச் பார்ட்டிஷன் இருந்தா அது, தற்காலிக ஃபைல் மட்டும் தான் போகும், போட்டோ போகாது. புது சாம்சங்ல ரிப்பேர் ஆப்ஸ்னு ஒண்ணு இருக்கும், அதயும் தைரியமா குடுக்கலாம். ஆனா வைப் டேட்டா ஃபேக்டரி ரீசெட்னு ஒரு வரி, சாம்சங்ல அது கேச் வரிக்கு நேர் மேல உக்காந்திருக்கும், வால்யூம் பட்டன் தேஞ்சிருந்தா ஒரு அமுக்குக்கு ரெண்டு வரி தாவும், எந்த வரி கலர் மாறியிருக்குன்னு ரெண்டு தடவை பாத்துட்டு பவர் பட்டன தொடுங்க. சில போன்ல அதுவா ஒரு ஸ்கிரீன் வரும், ஆண்ட்ராய்டு லோட் ஆகல, டேட்டா கெட்டுப்போயிருக்கலாம், ரீசெட் பண்ண வேண்டியிருக்கலாம்னு, கீழ ட்ரை அகெயின், ஃபேக்டரி டேட்டா ரீசெட்னு ரெண்டு இருக்கும். அந்த "லாம்"ம கவனிங்க. ட்ரை அகெயின் தான் உங்களுக்கு. லோகோ தாண்டி ஒரு நிமிஷம் ஹோம் ஸ்கிரீன் வந்துட்டு அணையுதுன்னா சேஃப் மோட்ல எழுப்பப் பாருங்க, நீங்க போட்ட ஆப் எதுவும் ஓடாது, அந்த நேரத்துல நாலு பெரிய வீடியோவ அழிச்சாலே பல போன் தெளிஞ்சிரும்.

இதெல்லாம் பலிக்கலன்னா தான் லேப்டாப். இங்க தான் "சாஃப்ட்வேர் போடறது"ல ரெண்டு வகை இருக்குன்னு தெரிஞ்சுக்கணும், டேட்டாவோட போடறது, டேட்டா இல்லாம போடறது. சாம்சங்கா இருந்தா ஓடின்ல (கம்ப்யூட்டர்ல இருந்து சாம்சங் போனுக்கு சாஃப்ட்வேர் ஏத்தற புரோகிராம்) சிஎஸ்சிங்கற எடத்துல ஹோம் சிஎஸ்சிங்கற ஃபைல போட்டா டேட்டா நிக்கும், வெறும் சிஎஸ்சிய போட்டா மொத்தமும் தொடைச்சிரும், கடைக்காரர் பக்கத்துல நின்னு அந்த ஒரு பேர மட்டும் படிங்க. ஃபர்ம்வேர், அதாவது ஏத்தற சாஃப்ட்வேர், பழசா இருக்கக்கூடாது, வெர்ஷன் பேர்ல கடைசில இருந்து அஞ்சாவதா வர்ற எழுத்து தான் பூட்லோடர் நம்பர், போன்ல இருக்கறத விட அது கம்மியா இருந்தா ஏறாது. பிக்சல்னா ரிக்கவரில அப்ளை அப்டேட் ஃப்ரம் ஏடிபி குடுத்து, கேபிள் வழியா கம்ப்யூட்டர்ல இருந்து கூகுளே தர்ற முழு ஓடிஏ ஃபைல (அப்டேட் ஃபைல்) அதே வெர்ஷனோ புதுசோ ஏத்தலாம், டேட்டா போகாது, பூட்லோடர் லாக்கா இருந்தாலும் பரவால்ல. ஷாவ்மி மாதிரி போன்ல "பூட்லோடர் அன்லாக் பண்ணி டேட்டாவ காப்பாத்தறேன்"னு யாராவது சொன்னா போன வாங்கி பாக்கெட்ல போட்டுட்டு வந்துருங்க, அன்லாக் பண்ற அந்த நிமிஷமே டேட்டா அழிஞ்சிரும்.

ஐபோன்காரங்களும் இத படிப்பீங்கன்னு ஒரு வார்த்தை. போன கேபிள்ல கம்ப்யூட்டர்ல சொருகிட்டு, வால்யூம் அப்ப தட்டி விட்டு, வால்யூம் டவுன தட்டி விட்டு, சைடு பட்டன கேபிள் படம் வர்ற வரைக்கும் புடிங்க (8ல இருந்து வந்த எல்லாத்துக்கும் இதே தான்). கம்ப்யூட்டர் அப்டேட்டா ரீஸ்டோரான்னு கேக்கும், அப்டேட்ட குடுங்க, டேட்டாவுக்கு கைய வைக்காம ஐஓஎஸ்ஸ மறுபடி போடும். நம்ம மலைல என்ன ஆகும்னா, அந்த ஃபைல் பல ஜிபி, 15 நிமிஷத்துக்குள்ள எறங்கலன்னா போன் ரிக்கவரிய விட்டு வெளிய வந்துரும், பலரும் அங்கயே மனசு விட்டுட்டு ரீஸ்டோர அமுக்கிடறாங்க. டவுன்லோட் முழுசா முடியட்டும்னு காத்திருந்துட்டு மறுபடி அதே பட்டன் வேலைய பண்ணுங்க, அவ்வளவு தான்.

இணையத்துல "எந்த போன்ல இருந்தும் டேட்டா எடுத்துத் தர்றோம்"னு விக்கற சாஃப்ட்வேருக்கு காசு கட்டாதீங்க. இப்ப வர்ற போன்ல ஸ்டோரேஜ் பூரா என்கிரிப்ட் ஆகி இருக்கும், தெறக்கற சாவி அந்த போனோட சிப்பும் உங்க பின் நம்பரும் சேந்தா தான் வரும், மெமரி ஐசிய பேத்து எடுத்து வேற மெஷின்ல வச்சாலும் குப்பை எழுத்து தான் தெரியும். ரீசெட் பண்ணிட்டு அப்பறமா மீட்டுக்கலாம்ங்கறதும் அதே கதை தான், சாவியும் சேந்து அழிஞ்சிரும். அப்படியே ரீசெட்டுக்கு ஒத்துக்கற நெலமை வந்தா பழைய கூகுள் அக்கவுண்ட் பாஸ்வேர்ட் ஞாபகம் இருக்கான்னு பாத்துக்கோங்க, 2015ல இருந்து ரீசெட்டுக்கு அப்பறம் அத கேட்டு நிக்கும். அதுக்கும் முன்னாடி வேற போன்ல உங்க ஜிமெயில்ல போய் கூகுள் போட்டோஸ ஒரு தடவை தெறந்து பாருங்க, பேக்கப் இல்லைன்னு சத்தியம் பண்ணினவங்க பல பேருக்கு பாதி போட்டோ அங்க கெடந்திருக்கு.

கடைசியா கோயமுத்தூர் சர்வீஸ் சென்டருக்கு தான் போகணும்னா, கெத்தை ரோட்ல யானை நிக்காத நேரமா பாத்து கெளம்புங்க, அங்க போனதும் "டேட்டா வேணும், என்னக் கேக்காம ரீசெட் பண்ணக்கூடாது"ன்னு வாயால சொன்னா பத்தாது, ஜாப் ஷீட்லயே எழுத வைங்க, ஏன்னா பல எடத்துல கவுண்டர்ல வாங்கறவர் ஒருத்தர், உள்ள மேசைல உக்காந்து வேலை பாக்கறவர் வேற ஒருத்தர், அவருக்கு நீங்க சொன்னது எதுவும் போய்ச் சேராது, சீட்டுல இருக்கறது தான் தெரியும். "டேட்டாவோட ட்ரை பண்ணிப் பாருங்க, முடியலன்னா போன தொடாம குடுத்துருங்க"ன்னும் சேத்து எழுதச் சொல்லுங்க, எழுத மாட்டேன்னு சொன்னா அந்த எடத்துல குடுக்காதீங்க.