வேலை விலகல் கடிதம் கொடுக்குமுன்: கைக்கு வரும் காசு, வராத காசு

கேள்வி: தனியார் கம்பனி ஒன்றின் கணக்குப் பிரிவில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். வயது 36, அடிப்படைச் சம்பளம் 120,000 ரூபா. வேலையை விட்டுவிட்டு யாழ்ப்பாணக் கறித்தூள் செய்து கடைகளுக்குப் போட யோசிக்கிறேன். ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி), ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி), பணிக்கொடை மூன்றையும் முதலாகப் போட்டால் காணுமா?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: ஈ.பி.எப்.பை முதல் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆண்களுக்கு அது கிடைப்பது 55 வயதில்தான். வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் 30 வீதம் எடுக்க வழியுண்டு, வியாபாரத்துக்கு இல்லை. ஈ.டி.எப். வேலையை விட்டதும் கிடைக்கும், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான். முன்பு வேலை மாறியபோது எடுத்தீர்களா என்று பாருங்கள்.

பணிக்கொடை இலங்கையின் 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். உங்களுக்கு 60,000 x 9 = 540,000. வேலை முடிந்து 30 நாளுக்குள் தரவேண்டும். போக்குவரத்துப் படி போன்றவற்றை இதில் சேர்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

இனி மறுபக்கம். 12 கடைகள், வாரம் கடைக்கு 15,000 ரூபாச் சரக்கு, 45 நாள் கடன் என்று வையுங்கள். முதல் காசு வருமுன் ஏழு தடவை சரக்குப் போய்விடும்: 1,260,000. அதில் மிளகாய், மல்லி, அரைக்கும் கூலி, பை எல்லாம் 65 வீதம் என்றால் உங்கள் கையிலிருந்து போவது 819,000. பணிக்கொடை இதற்கே காணாது. வீட்டுச் செலவு வேறு. மொத்த வியாபாரம் நடக்கும் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் புது ஆளுக்கு மிளகாய் கடனுக்குக் கிடைக்கும் என்று நம்பவேண்டாம். ஆகவே நான்கு கடையோடு தொடங்குங்கள், பாதியையாவது கைக்காசுக்குக் கொடுங்கள். பின்னொரு திகதி போட்ட காசோலை தருகிற கடைக்கு, முதல் காசோலை காசாகும்வரை இரண்டாம் தடவைக்கு மேல் சரக்குப் போடாதீர்கள்.

சரக்கு திரும்பி வருவதும் நட்டம்தான். மில்லிலிருந்து வரும் தூள் சூடாக இருக்கும். அவசரத்தில் அப்படியே பையில் அடைத்தால் உள்ளே வியர்த்து, கட்டிபட்டு, பூஞ்சணம் பிடிக்கும். அகன்ற தட்டில் பரப்பி, அடிவரை ஆறியபின் அடையுங்கள். வறுக்கும்போது மல்லியில் ஈரம் நின்றாலும் இதே கதைதான். லேபலில் நிறை, சேர்மானம், உற்பத்தி, காலாவதித் திகதிகள், தொகுதி இலக்கம், விலாசம் இருக்கவேண்டும். இடத்தை வாடகைக்கு எடுக்குமுன் அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டுங்கள். முற்பணம் கட்டியபின் அவர் கழிவுநீர் வாய்க்கால் கேட்டால் செலவு உங்கள் தலையில்.

கடனட்டை வேண்டுமென்றால் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள். கம்பனி மருத்துவக் காப்புறுதியும் வேலையோடு போய்விடும்.

கேள்வி: வியாபாரப் பெயரைப் பதிந்தால் போதுமா, கம்பனியே திறக்கவேண்டுமா?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: தொடக்கத்துக்குப் பெயர்ப் பதிவு போதும். பிரதேச செயலகத்தில் செய்யலாம்; கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு போங்கள். ஆனால் வியாபாரக் கடன் உங்கள் சொந்தக் கடன்தான். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி தனியொருவரே தனியார் கம்பனி திறக்கலாம். கம்பனிச் செயலாளர் கட்டணமும் ஆண்டறிக்கையும் கூடவே வரும். கம்பனி என்றால் சொந்தச் சொத்துத் தப்பும் என்பார்கள். வங்கி கடன் தரும்போது பணிப்பாளரிடம் தனிப்பட்ட பிணைக் கையொப்பம் கேட்பது வழக்கம். அதை வைத்தால் அந்தக் கடனுக்கு வீடும் பொறுப்புத்தான்.