1954க்கு முன் அமெரிக்கப் பள்ளிகளின் நிறப் பாகுபாட்டை எதிர்த்து எவரும் நீதிமன்றம் செல்லவில்லையா?

பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் அளித்த பிரவுன் தீர்ப்பை மட்டும் சுட்டி, அதற்கு முன்பும் அமெரிக்க அரசியலமைப்பில் சமத்துவ உரிமை இருந்ததே, பிறகு எப்படிப் பள்ளிகளில் வெளிப்படையாக நிறப் பாகுபாடு நடந்தது, எவரும் வழக்குத் தொடுக்கவில்லையா, தொடுத்து வென்றவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டிருக்கிறீர்கள். தொடுத்தார்கள், நூறாண்டுக்கும் மேலாகத் தொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

நான் சட்டம் படித்தவன் அல்லன்; கணினித் துறையில் வேலை பார்ப்பவன். டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் வசித்த காலத்தில், நண்பர் ஒருவரின் சிவில் வழக்குக்குத் துணையாக டிராவிஸ் கவுண்ட்டி நீதிமன்றத்துக்குச் சென்றிருந்தேன். அந்தக் கட்டடத்துக்கு ஹீமன் மேரியன் ஸ்வெட் என்பவரின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். யாரோ பழைய நீதிபதியாகவோ ஆளுநராகவோ இருப்பார் என்று எண்ணிக்கொண்டேன். அவர் ஒரு தபால்காரர் என்று பின்னர் அறிந்தபோதுதான் அவருடைய வழக்கின் தீர்ப்பைத் தேடிப் படித்தேன். அதிலிருந்து ஒவ்வொரு வழக்காகப் பின்னோக்கிப் போனேன். கீழே எழுதுவது அந்த வாசிப்பிலிருந்து எழுந்தது.

தொடக்கம், பலர் நினைப்பதுபோல் தென் மாநிலங்களில் அன்று, வடக்கே பாஸ்டன் நகரில். சாரா ராபர்ட்ஸ் என்ற ஐந்து வயதுச் சிறுமி, வீட்டுக்கு அருகிலிருந்த ஐந்து வெள்ளையர் பள்ளிகளைக் கடந்து, கறுப்பினக் குழந்தைகளுக்கென ஒதுக்கப்பட்ட தொலைவுப் பள்ளிக்கு நடக்க வேண்டியிருந்தது. அவளுடைய தந்தைக்காக சார்லஸ் சம்னரும், நாட்டின் முதல் கறுப்பின வழக்கறிஞர்களில் ஒருவரான ராபர்ட் மோரிஸும் 1849இல் வாதாடினார்கள். மாசசூசெட்ஸ் தலைமை நீதிபதி லெமுவேல் ஷா, பள்ளிகளைப் பிரிப்பது பள்ளிக் குழுவின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று கூறி வழக்கைத் தள்ளிவிட்டார். ஆறே ஆண்டுகளில், 1855இல், அம்மாநிலச் சட்டமன்றம் பள்ளிகளில் நிறப் பிரிவினையைச் சட்டம் இயற்றித் தடைசெய்தது. ஆகவே அந்தத் தீர்ப்பு பிறந்த மண்ணிலேயே செல்லாக்காசாயிற்று. ஆயினும் அது சாகவில்லை.

உள்நாட்டுப் போருக்குப் பின் 1868இல் வந்த 14ஆவது திருத்தம், எந்த மாநிலமும் எவருக்கும் சட்டங்களின் சமமான பாதுகாப்பை மறுக்கக் கூடாது என்றது. (நம் இந்திய அரசியலமைப்பின் 14ஆம் பிரிவில் உள்ள அதே சொற்றொடர் அங்கிருந்து வந்ததே, எண்ணும் ஒன்றாக அமைந்தது தற்செயல்.) வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனி ரயில் பெட்டிகள் என்று லூசியானா மாநிலம் 1890இல் இயற்றிய சட்டத்தை எதிர்த்து ஹோமர் பிளெஸ்ஸி தொடுத்த வழக்கில், 1896இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் அச்சட்டத்தை ஏற்றுக்கொண்டது. தனித்தனியே வைத்தாலும் வசதிகள் சமமாக இருந்தால் போதும் என்ற கொள்கை அங்கே நிலைபெற்றது. பிரிவினை நியாயமானதே என்பதற்கு அத்தீர்ப்பு காட்டிய முக்கியச் சான்று எது தெரியுமா? பாஸ்டன் சிறுமியின் வழக்கு. சொந்த மாநிலம் 41 ஆண்டுகளுக்கு முன்பே குப்பையில் போட்ட தீர்ப்பை நாட்டின் உச்ச நீதிமன்றம் எடுத்துத் துடைத்துப் பயன்படுத்திக்கொண்டது.

பிளெஸ்ஸி வழக்கில் தனித்து நின்று மறுப்பு எழுதியவர் நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன். அவரை வானளாவப் புகழும் கட்டுரைகள் பலவும் அடுத்த நிகழ்ச்சியைச் சொல்லாமல் தாண்டிவிடுகின்றன. ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா நகரில் கறுப்பின மாணவர்களுக்கென இருந்த ஒரே அரசு உயர்நிலைப் பள்ளியான வேர் பள்ளியை, நிதி இல்லை என்று கூறிப் பள்ளிக் குழு 1897இல் மூடியது. வெள்ளையினப் பெண்களுக்கான உயர்நிலைப் பள்ளிக்கு மட்டும் தொடர்ந்து வரிப்பணத்தைக் கொடுத்தது. வரி கட்டிய கறுப்பினப் பெற்றோர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார்கள். 1899இல் அவர்களுக்கு எதிராக, ஒருமனதாக வந்த தீர்ப்பை எழுதியவர் அதே ஹார்லன். கல்வி மாநிலத்தின் பொருள், அதில் தலையிட இடமில்லை என்பது அவர் சொன்ன காரணம். என் பார்வையில் பிளெஸ்ஸியை விடக் கொடிய தீர்ப்பு இதுதான். பிளெஸ்ஸி தீர்ப்பில் ‘சமம்’ என்ற சொல்லாவது இருந்தது. மூன்றே ஆண்டுகளில் அந்தச் சொல்லுக்கும் பொருளில்லை என்றாகிவிட்டது.

இதன் விளைவு கிராமங்களில் தெரிந்தது. தென் மாநிலங்களின் கறுப்பின மக்கள் அரசுக்கு வரி கட்டிவிட்டு, தம் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டுமென்றால் மீண்டும் ஒருமுறை தங்களுக்குள் பணம் திரட்டி, மரமும் உழைப்பும் கொடுத்துக் கட்டிக்கொண்டார்கள். சிகாகோ வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டின் உதவித்தொகையோடு 1932க்குள் இப்படி எழுந்த பள்ளிகள் ஏறத்தாழ 5,000. ‘சமம்’ என்ற சொல்லை அரசு காப்பாற்றாததால் மக்கள் தம் கைப்பொருளைப் போட்டு இட்டு நிரப்பினார்கள் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

இந்தக் கட்டத்தில்தான் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் வருகிறார். ஹார்வர்டில் சட்டம் பயின்றவர். வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரியைச் சீரமைத்து, தர்குட் மார்ஷல் உள்ளிட்ட ஒரு தலைமுறை வழக்கறிஞர்களை உருவாக்கியவர். 1930களின் நடுவில் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் வழக்கறிஞரானார். தென் கரோலினாவின் கிராமப் பள்ளிகளைத் தாமே கேமராவோடு சென்று படம்பிடித்துக்கொண்டு வந்தார். பிரிவினையே தவறு என்று நேரடியாக வாதாடினால் பிளெஸ்ஸி தீர்ப்பைக் காட்டி ஒரே நாளில் விரட்டிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே எதிரியின் வாக்கையே பிடித்துக்கொண்டார்: தனித்தனியே என்கிறீர்கள், சரி, சமம் என்றும் சொன்னீர்கள் அல்லவா, அதைக் காட்டுங்கள்.

அதற்கு அவர் தொடக்கப் பள்ளிகளை விட்டுவிட்டுச் சட்டக் கல்லூரிகளை முதலில் தேர்ந்தெடுத்தார். தென் மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் கறுப்பினத்தவருக்கென அரசுச் சட்டக் கல்லூரியே கிடையாது. எனவே ஒப்பிட்டு அளக்கும் சிக்கல் எழவில்லை. வயது வந்த ஒருவர் வகுப்பில் சேர்வதால் எழும் எதிர்ப்பு, சின்னஞ்சிறு பிள்ளைகள் ஒன்றாக உட்காருவதால் எழும் எதிர்ப்பை விடக் குறைவு. எனக்குத் தோன்றும் இன்னொரு காரணமும் உண்டு. கூரை ஒழுகும் கிராமப் பள்ளி எப்படியிருக்கும் என்பது நீதிபதிகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். நல்ல சட்டக் கல்லூரி எதனால் நல்ல சட்டக் கல்லூரியாகிறது என்பதை அவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

மேரிலாந்தில் டொனால்ட் மர்ரியின் வழக்கு 1936இல் வென்றது. ஆனால் அது அம்மாநிலத்தோடு நின்றது. மிசூரியில் லாய்ட் கெய்ன்ஸ் வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டியது. உனக்குப் பக்கத்து மாநிலத்தில் படிக்கக் கட்டணம் கொடுத்துவிடுகிறோம் என்றது மிசூரி. வெள்ளையருக்கு மாநிலத்துக்குள்ளேயே தரும் கல்வியை இவருக்கும் மாநிலத்துக்குள்ளேயே தர வேண்டும், கேட்பவர் ஒருவரே ஆனாலும் அது அவருடைய தனி உரிமை என்று 1938 டிசம்பரில் தீர்ப்பாயிற்று. கெய்ன்ஸ் அந்தக் கல்லூரிக்குள் காலடி வைக்கவே இல்லை. 1939 மார்ச்சில் சிகாகோவில் தபால்தலை வாங்கிவருகிறேன் என்று வெளியே சென்றவர் திரும்பவில்லை. அவருக்கு என்ன நேர்ந்தது என்பது இன்றுவரை புலப்படவில்லை. அடுத்த ஆண்டு, நிறத்தைப் பார்த்து ஆசிரியர்களுக்கு வெவ்வேறு ஊதிய விகிதம் வைப்பது செல்லாது என்று வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகர வழக்கில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது.

இனி ஸ்வெட். ஹூஸ்டன் நகரத் தபால்காரரான அவர் 1946 பிப்ரவரியில் டெக்சஸ் பல்கலைக்கழகத் தலைவர் தியோஃபிலஸ் பெயின்டரிடம் நேரில் சென்று சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் கொடுத்தார்.    நிறத்தைத் தவிர விண்ணப்பத்தில் குறை எதுவும் இல்லை. வழக்கு வந்ததும், தனிக் கல்லூரி அமைக்க மாநிலத்துக்கு நீதிமன்றம் ஆறு மாத அவகாசம் கொடுத்தது. மாநிலம் ஆஸ்டினில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் சில அறைகளைப் பிடித்து, பல்கலைக்கழக ஆசிரியர்கள் வந்து போகும்படி ஏற்பாடு செய்து, இதோ சட்டக் கல்லூரி என்றது. ஸ்வெட் அங்கே சேர மறுத்துவிட்டார். கறுப்பினத்தவருக்கென ஹூஸ்டனில் ஒரு பல்கலைக்கழகமே அவசரமாகத் தோன்றியது. இன்றைய டெக்சஸ் சதர்ன் பல்கலைக்கழகம் அதுதான்.

உச்ச நீதிமன்றம் 1950 ஜூன் 5 அன்று தீர்ப்பளிக்கையில் முதலில் எண்களை வரிசைப்படுத்தியது. இங்கே, அதாவது டெக்சஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில், முழுநேரப் பேராசிரியர்கள் 16; அங்கே, அதாவது கறுப்பினத்தவருக்கான புதிய சட்டக் கல்லூரியில், 5. இங்கே மாணவர்கள் 850, அங்கே 23. இங்கே நூல்கள் 65,000க்கு மேல், அங்கே 16,500. அங்கே படித்து டெக்சஸ் வழக்கறிஞரானவர் ஒரே ஒருவர். இத்தோடு நிறுத்தியிருந்தால், இன்னும் பதினோரு பேராசிரியர்களை நியமித்து நூல்களை வாங்கிப்போட்டால் சரியாகிவிடும் என்று மாநிலம் சொல்லியிருக்கும். தீர்ப்பு அங்கே நிற்காமல், ஆசிரியர்களின் பெயர், பழைய மாணவர்களின் செல்வாக்கு, கல்லூரியின் மரபு, சமுதாயத்தில் அதற்குள்ள மதிப்பு என எந்த அளவுகோலிலும் அடங்காதவற்றைப் பற்றிப் பேசியது. மாநில மக்களில் 85 விழுக்காட்டினரை, அதாவது நாளை இவர் எதிர்கொள்ளப்போகும் வழக்கறிஞர்கள், சாட்சிகள், ஜூரிகள், நீதிபதிகள் ஆகியோரில் பெரும்பாலோரை விலக்கிவைத்த ஒரு கல்லூரியில் எப்படி ஒருவர் வழக்கறிஞராக முடியும் என்று கேட்டது.

அதே நாளில் வந்த மெக்லாரின் தீர்ப்பு இன்னும் ஆழமாக வெட்டியது. முதுகலைப் பட்டம் பெற்றிருந்த ஜார்ஜ் மெக்லாரினை, முனைவர் பட்டப் படிப்புக்காக ஓக்லஹோமா பல்கலைக்கழகம் நீதிமன்ற ஆணையின்பேரில் சேர்த்துக்கொண்டது. சேர்த்த பிறகு வகுப்பறைக்கு அடுத்த சிற்றறையில் உட்காரவைத்தது. நூலகத்தின் இடைத்தளத்தில் ஒரு மேசையைக் காட்டியது. உணவகத்தில் மற்றவர்கள் உண்ணாத நேரத்தில் உண்ணச் சொன்னது. பின்னர் வகுப்பறைக்குள்ளேயே அவர் இருக்கையைச் சுற்றிக் கம்பித் தடுப்பு அமைத்து, நிறத்தவருக்கு ஒதுக்கப்பட்டது என்று பலகையும் மாட்டினார்கள். ஒரே ஆசிரியர், ஒரே பாடம், ஒரே நூலகம், ஒரே கட்டடம். எண்ணி ஒப்பிட இனி எதுவும் இல்லை; எஞ்சியிருந்தது பிரித்துவைத்தல் என்ற செயல் ஒன்றே. அது அவர் படிப்பதையும் சக மாணவரோடு விவாதிப்பதையும் கெடுக்கிறது என்று நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. பிளெஸ்ஸியை மறுபரிசீலனை செய்ய மறுத்துக்கொண்டே, அதன் அடித்தூணை உருவிவிட்டார்கள். சார்லஸ் ஹூஸ்டன் இதைக் கேட்க உயிரோடு இல்லை. ஆறு வாரங்களுக்கு முன் ஏப்ரலில் காலமாகியிருந்தார்.

அதற்குப் பின் அவருடைய மாணவர் தர்குட் மார்ஷல் தயங்கவில்லை. பிரிவினையையே நேரடியாக எதிர்த்தார். தென் கரோலினாவின் கிளாரண்டன் கவுண்ட்டியில் கறுப்பினப் பெற்றோர் தொடக்கத்தில் கேட்டது ஒரு பள்ளிப் பேருந்துதான். வெள்ளையினப் பிள்ளைகளுக்கு 30 பேருந்துகள் ஓடின. இவர்களுக்கு ஒன்றும் இல்லை. 1949-50ஆம் ஆண்டில் ஒரு வெள்ளையின மாணவருக்கு 179 டாலரும் ஒரு கறுப்பின மாணவருக்கு 43 டாலரும் செலவிடப்பட்டன. வழக்கு விசாரணைக்கு வந்ததும் பள்ளிக் குழுவின் வழக்கறிஞர் எழுந்து, ஏற்றத்தாழ்வு உண்டு, ஒப்புக்கொள்கிறோம், சரிசெய்ய அவகாசம் கொடுங்கள் என்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டு குற்றத்தின் விவரத்தை மறைக்கும் தந்திரம் அது. இரண்டு நீதிபதிகள் அதற்கு இசைந்தனர். வேட்டீஸ் வேரிங் என்ற வெள்ளையின நீதிபதி மட்டும், பிரிவினை என்பதே சமமின்மைதான் என்று மறுப்பு எழுதினார். இவ்வழக்கும் வேறு மூன்று மாநில வழக்குகளும் சேர்ந்துதான் பிரவுன் என்ற பெயரில் 1954 மே 17 அன்று ஒருமனதாகத் தீர்க்கப்பட்டன. தலைநகர் வாஷிங்டனின் வழக்கு அதே நாளில் தனித் தீர்ப்பாக வந்தது. பிரிவினை கறுப்பினப் பிள்ளைகளின் மனத்தில் தாழ்வுணர்ச்சியை விதைக்கிறது என்று காட்டப் பிரவுன் வழக்கில் பயன்பட்ட பொம்மைச் சோதனையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். தீர்ப்பைப் படித்துப் பாருங்கள்: தலைமை நீதிபதி வாரன் சட்ட அடிப்படையாக எடுத்தாள்வது ஸ்வெட்டையும் மெக்லாரினையும், சோதனை ஓர் அடிக்குறிப்போடு முடிந்துவிடுகிறது.

வென்றவர்களுக்கு என்ன கிடைத்தது என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். கிளாரண்டன் வழக்குக்குப் பெயர் கொடுத்த ஹாரி பிரிக்ஸ், பெட்ரோல் நிலைய வேலையை இழந்து பிழைப்புத் தேடி ஃபுளோரிடாவுக்குப் போனார். அவருடைய மனைவியின் வேலையும் பறிபோயிற்று. ஸ்வெட் 1950 இலையுதிர் காலத்தில், விண்ணப்பித்து நான்கரை ஆண்டுகள் கழித்து, டெக்சஸ் சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். வழக்காடிய ஆண்டுகளில் உடல்நலம் கெட்டிருந்தது, மணவாழ்க்கை முறிந்தது, 1952இல் பட்டம் பெறாமலே வெளியேறினார். பின்னர் அட்லாண்டாவில் சமூகப் பணியில் முதுகலை முடித்து, கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான அர்பன் லீக் அமைப்பில் பல்லாண்டுகள் பணியாற்றி 1982இல் இறந்தார். நான் பார்த்த பெயர் 2005இல்தான் சூட்டப்பட்டது. அவருடைய வழக்கு முதன்முதலில் விசாரிக்கப்பட்டதும், அடித்தள அறைகளே போதும் என்று அவருடைய கோரிக்கை நிராகரிக்கப்பட்டதும் அதே கட்டடத்தில்தான்.