கிளவுடுக்கு மாறலாமா வேண்டாமா என்று ஒரு நிறுவனம் எப்படி முடிவெடுக்கிறது?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், சொந்த சர்வரை விட்டு, இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் சர்வருக்கு (அதுதான் கிளவுடு) மாற எக்செல்லில் செலவுக் கணக்குப் போட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள் போல. போடுங்கள். நானும் 2014இல் போட்டேன். யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

எங்களுக்கு முடிவெடுத்துக் கொடுத்தது அடையாறு நதி. சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் சின்ன உதிரிபாகக் கம்பெனி, 60 பேர். கம்பெனி ஃபைல் எல்லாம் இருந்த சர்வர் தரைத்தளத்தில், ஸ்டோருக்குப் பக்கத்தில். 2015 டிசம்பர் முதல் தேதி ராத்திரி வெள்ளம் வந்தது. நாலு நாள் கழித்து ஷட்டரைத் தூக்கினால், டிஸ்க் இடுக்கெல்லாம் சேறு. பேக்கப்? அதே அறையில், மேஜையின் கடைசி டிராயரில். அங்கே வைத்தவன் நான்தான், மறைக்கவில்லை. அக்கவுண்ட்ஸ் அக்கா மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் டேலி (கணக்கு மென்பொருள்) டேட்டாவை பென் டிரைவில் ஏற்றி, டிபன் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார். கம்பெனிக் கணக்கை வெளியே கொண்டுபோகலாமா என்று அவரிடம் சண்டை போட்டிருக்கிறேன். கடைசியில் மிஞ்சியது அதுதான்.

அதற்குப் பிறகும் முதலாளி உடனே இறங்கி வரவில்லை. "சிங்கப்பூர்ல இருக்கிற கணக்கை இன்கம்டாக்ஸ்காரங்க கேட்டா பிளேன் ஏறிப் போய் எடுத்துட்டு வருவியா?" என்றார். சிரிக்காதீர்கள், கிளவுடில் ஏற்றினால் கணக்கு வெளிநாட்டு சர்வரில் போய் உட்காருமோ என்ற கேள்வியில் நியாயம் இருந்தது. மைக்ரோசாஃப்ட் 2015 செப்டம்பரிலேயே இந்தியாவில் தரவு மையங்களைத் திறந்திருந்தது. 2016 ஜூனில் அமேசானும் மும்பைக்கு வந்தது. அதைக் காட்டிய பிறகுதான் பேச்சே நகர்ந்தது. உண்மையில் காரியத்தை முடித்தவர் ஆடிட்டர். புது சர்வருக்கு மொத்தமாகப் போடக் கையில் காசில்லை. சர்வர் வாங்கினால் அதன் விலையை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்மானமாகத்தான் காட்டலாம், கிளவுடு என்றால் மாத வாடகை மாதிரி அந்த வருஷச் செலவிலேயே போய்விடும் என்றார். முதலாளி தலையாட்டிவிட்டார்.

இதைப் படித்துவிட்டு 'கிளவுடு என்றாலே மலிவு' என்று சில தம்பிகள் வருவார்கள். சரி, கணக்கு தெரிந்தவர்களுக்கு மலிவுதான். நான் சோதனைக்காகக் கிளவுடில் வாடகைக்கு எடுத்த மெஷினை நிறுத்திவிட்டு நிம்மதியாக இருந்தேன். மெஷின் நின்றாலும் அதன் டிஸ்க்குக்கு வாடகை ஓடும் என்பது பில்லைப் பார்த்துத்தான் தெரிந்தது. அதுவும் டாலர் பில். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், தப்பு என்னுடையது.

எல்லாவற்றையும் மேலே ஏற்றவும் இல்லை. வரைபட ஃபைல் ஒவ்வொன்றும் 200 எம்பி; காலையில் பத்துப் பேர் திறந்தால் எங்கள் நெட் லைன் படுத்துவிடும். அவை இன்றும் ஆபீஸ் சர்வரில்தான், இப்போது இரண்டாவது மாடியில். உங்களிடமும் அப்படிப்பட்ட ஃபைல்கள் இருந்தால் முதலில் லைனைப் பாருங்கள், பிறகு கிளவுடைப் பாருங்கள்.

சம்பந்தமில்லாமல் ஒன்று: சேற்றில் நின்று டிஸ்க்கைக் கழற்றியவன் நான். அந்த வருஷ ஆண்டு விழாவில் வெள்ளிக் குத்துவிளக்கு வாங்கியவர் சேல்ஸ் மேனேஜர். வெள்ளத்தன்று அவர் மதுரையில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். எனக்குக் கிடைத்த வேலை, எம்.டி. மகன் லேப்டாப்பில் கேம் ஏற்றிக் கொடுப்பது.

அக்கா இன்னும் வெள்ளிக்கிழமை பென் டிரைவ் எடுத்துப் போகிறார். நான் கேட்பதில்லை.